அனு பெயரில் தொங்கும் சிவப்பு அட்டை

என் அக்கா செல்லம்மாவின் கணவர் திருநாவுக்கரசுக்குக் காரியம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் அவரை ஒழுங்கான மனிதர் என்றார்கள். ஒழுங்கானவர்தான். ஒழுங்கைத் தவிர அவரிடம் வேறு என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது சாவு வீட்டில் கேட்கிற கேள்வியும் இல்லை.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப்பட்டினத்தில், கடல் காற்றில் ஜன்னல் கம்பி வருஷா வருஷம் துருப்பிடிக்கிற தெருவில், வீடு கட்டிக் குடியேறினார். வேலையை விட்டு வந்தவர் வேலையிடத்தை விட்டுவரவில்லை. கேஸ் சிலிண்டரை மாற்றும்போது அக்கா சமையலறைக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனவர், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். இப்படித் திரும்பி வந்ததாலேயே இரண்டு கல்யாணங்களில் தாலி கட்டுவதை அவர்கள் பார்க்கவில்லை. அதில் ஒன்று எங்கள் சொந்தத் தம்பியின் கல்யாணம்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெங்களூரில் இருக்கும் மகன் பரணிதரனின் குழந்தைகள், ஆதித்யாவும் அனுவும், மே மாத விடுமுறையைத் தன் வீட்டில் கழிக்க வேண்டும். முட்டுக்காட்டுக்குப் போகக்கூடாது. முட்டுக்காட்டில் மருமகளின் அப்பா பார்த்தசாரதி இருந்தார். அந்த வீட்டில் குழந்தைகள் காயலில் இறங்கிச் சேற்றோடு வருவார்கள், நண்டு பிடிப்பார்கள், தாத்தாவின் பழைய ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவார்கள். திருநாவுக்கரசு மாமாவைக் கேட்டால் பார்த்தசாரதி ஒரு ஆளே இல்லை. அந்த ஸ்கூட்டருக்குப் பின் பிரேக் கிடையாது என்பதை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

முட்டுக்காட்டுக் காயலை ஜெயிக்க அவர் வாங்கி வந்த ஆயுதம் ஒரு பொம்மை ரயில். 1998 என்று நினைவு. சென்னை பர்மா பஜாரில் வாங்கினார். பச்சை எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். எஞ்சினின் வயிற்றில் இரண்டு பேட்டரிக் கட்டைகள் போட்டு, மேலே உள்ள ஸ்விட்சைத் தள்ளினால் கூவிக்கொண்டு ஓடும். நல்ல பொம்மை. குழந்தைகளிடம் கொடுத்திருந்தால் அவருடைய காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவர் கொடுக்கவில்லை. ஹாலின் மொசைக் தரையில் தண்டவாளத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே குழந்தைகள். உள்ளே அவர் மட்டும். உட்காருமுன் கை கழுவ வேண்டும். கட்டை போடும்போது ஒருவரும் பேசக்கூடாது. பேசினால் கவனம் சிதறுமாம். ரயில் கொஞ்ச நேரம் சுற்றும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவார். கட்டைகளைக் கழற்றி எடுத்துப் போய் மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைப்பார். வெயிலில் காய்ந்த கட்டைக்குச் சக்தி திரும்பும் என்று ஊரில் நம்பாதவர் இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க மின்சாரத்தை அளந்து சம்பளம் வாங்கிய மனிதரும் அதை நம்பினார் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் அந்தச் சிவப்பு அட்டை. ஆலையில் ஒரு இயந்திரத்தைத் திறந்து வேலை பார்க்கிறவர், அதன் ஸ்விட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் கை வைப்பார். யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவரே வந்து எடுக்கும் வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. உயிரைக் காப்பாற்றுகிற வழக்கம், குறை சொல்ல மாட்டேன். மாமா அதே போல ஒரு அட்டையை வெட்டி, சிவப்புத் தாள் ஒட்டி, 'திருநாவுக்கரசு' என்று எழுதி, குளிக்கப் போகும்போதெல்லாம் பொம்மை ரயிலின் ஸ்விட்சில் நூலால் கட்டிவிட்டுப் போனார்.

"டைரக்டரே வந்தாலும் இத எடுக்க முடியாது, தெரியுமா? பேரு இருக்கறவன்தான் எடுக்கணும்" என்று குழந்தைகளிடம் சொல்வார். அனு அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகள் கையில்தான் கொஞ்சம் கொடுங்களேன் என்று நான் ஒரு முறை சொன்னேன்.

"மச்சான், உனக்கு இன்னா தெரியும்? அதுங்க கைல குடுத்தா ரெண்டு நாளு. என் கைல இருந்தா பத்து வருசத்துக்கு அப்டியே இருக்கும் பாரு."

அதில் பொய் இல்லை. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அனு ஒவ்வொரு வருஷமும் தான் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்றார். ஆதித்யா கேட்பதை நிறுத்திவிட்டு முட்டுக்காட்டுக்கு எப்போது போவோம் என்று அம்மாவை நச்சரிக்கத் தொடங்கினான். அது மாமாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். மூன்றாவது மே மாதத்தில் திடீரென்று, அனுதான் இன்று மாலை ரயிலை விடப்போகிறாள் என்று அறிவித்தார். அந்தக் குழந்தை மத்தியானம் சாப்பிடவே இல்லை. இரண்டு முறை கை கழுவிக்கொண்டு வந்து, கோட்டுக்குள் கூப்பிடும்வரை வெளியே நின்றது.

மாமா கட்டைகளை மாடியிலிருந்து கொண்டுவந்து, எஞ்சினைக் கவிழ்த்து, தன் கையாலேயே போட்டார். நாங்கள் யாரும் பேசவில்லை. மூடியைத் திருகினார். தண்டவாளத்தில் வைத்தார். சிவப்பு அட்டையை அவிழ்த்தார். "வா" என்றார்.

அனு ஸ்விட்சைத் தள்ளினாள். ரயில் நகரவில்லை. மறுபடியும் தள்ளினாள்.

"இன்னா பண்ண நீ? இத்தினி நாளு ஓடிகினு இருந்துச்சு. நீ தொட்டதும் நின்னுபோச்சு பாரு."

குழந்தை அழவில்லை. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தது. மறுநாள் காலை மருமகள் பெட்டியைக் கட்டினாள். மீதி விடுமுறை முட்டுக்காட்டில்.

அவர்கள் போன அன்று மத்தியானம் மாமா மூடியைத் திறந்து பார்த்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஒரு கட்டை தலைகீழாக இருந்தது. தினமும் கழற்றி மாட்டிய கைதான். திருப்பிப் போட்டதும் ரயில் கூவிக்கொண்டு ஓடியது. அடுக்களையிலிருந்து அக்கா வந்து பார்த்தாள். உடனே முட்டுக்காட்டுக்குப் போன் செய்து குழந்தையிடம் சொல்லச் சொன்னாள். போன் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவர் போனைத் தொடவில்லை. அட்டையை எடுத்தார். தன் பெயரை அடித்தார். 'அனு' என்று எழுதினார். கட்டைகளைக் கழற்றிவிட்டு, ரயிலை ஷோகேசில் வைத்து, ஸ்விட்சில் அட்டையைக் கட்டினார்.

"அவ பேர்ல கீது. அவ வந்து எடுக்கட்டும்."

ஒரு குழந்தையிடம், தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வராத மனிதர், அதை அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டார். இதை மன்னிப்பு என்று அவர் நினைத்திருக்கக்கூடும். புதுப்பட்டினத்தில் தொங்குகிற அட்டையைப் பெங்களூரில் இருக்கிற குழந்தை எப்படிப் படிக்கும் என்ற கேள்வி மட்டும் அவருக்கு வரவில்லை.

அதன் பிறகு அவர் அந்த ரயிலை ஓட்டவே இல்லை. அவர் பெயரில் இல்லையே. மே வந்தால் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைப்பார். புதுக் கட்டை வாங்கி வைப்பார். பரணிதரன் வருவான், தனியாக வருவான், ஒரு ராத்திரி தங்குவான். பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு என்பான், ஏதோ முகாம் என்பான். அக்கா போனில் அனுவைக் கூப்பிட்டுக் கெஞ்சுவாள். ரிசீவரை அவரிடம் நீட்டினால், தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். பார்த்தசாரதியின் ஸ்கூட்டருக்கு இன்னும் பின் பிரேக் போடவில்லையாம் என்று எனக்குச் சொல்வார்.

இந்த வருஷம் அவரை எடுத்துப்போன பிறகுதான் அனு வந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். காரியத்தன்று சாப்பாடு முடிந்ததும் ஷோகேசுக்கு முன்னால் நின்றாள். அக்கா அருகில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கட்டை தலைகீழாக இருந்ததை, அட்டையில் பெயர் மாற்றியதை, அவள் மேல் தப்பே இல்லை என்பதை.

அனு கண்ணாடியைத் தள்ளி, அட்டையைத் திருப்பித் தன் பெயரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் பாட்டி. அன்னைக்கே பாத்தேன். ரெண்டு கட்டையும் ஒரே பக்கம் பாத்துட்டு இருந்துச்சு. மூடியில ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு படம் போட்டிருந்துச்சு."

"அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"கட்டை போடும்போது பேசக்கூடாதுன்னு தாத்தா சொல்லியிருந்தாரே."

அட்டையை அவிழ்ப்பாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அனு கண்ணாடியை மூடினாள். அப்புறம் போய்க் கை கழுவினாள். சாயங்காலம் எல்லோரும் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அக்கா வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டாள். கருவிப் பெட்டி பரணிதரனோடு போய்விட்டது. ரயிலை என்ன செய்வது என்று இன்று என்னைக் கேட்டாள். துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். பெட்டிகளைத் துடைத்தேன், சக்கரங்களைத் துடைத்தேன். ஸ்விட்சின் மேல் தூசி படிந்திருந்தது. அட்டையை அவிழ்க்காமல் அதைத் துடைக்க முடியாது.

அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். அது என் பெயரில் இல்லை.