ஞாயிற்றுக்கிழமை முட்டை

ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் மட்டும் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்க மிஷன் பள்ளியில் தொண்டை வறளக் கத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் சாக்குக்கட்டியைத் தொட்ட சக வாத்திமாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வாக்கில், அருமனைப் பக்கம் ஓலை வேய்ந்த எங்கள் வேதக்கோயிலில் நடந்தது.

சிரட்டைக் காணிக்கை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோழி இடும் முட்டை கர்த்தருக்கு; மற்ற நாள் முட்டை வீட்டுக்கு. தேங்காய்ச் சிரட்டையில் உமி போட்டு, அதில் முட்டையை வைத்துப் பிள்ளைகள் சாயங்கால ஆராதனைக்குக் கொண்டுவருவார்கள்.

என் வகுப்பு ஞானப்பூ நாலு ஞாயிறாக வெறுங்கையோடு வந்தாள். அவள் அம்மை முத்தம்மை ஓலை முடைந்து பிழைக்கிற விதவை. வீட்டில் ஒரே ஒரு கோழி. அது நன்றாகத்தான் இடுகிறது என்று ஊருக்கே தெரியும்; முத்தம்மை முட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதை நானே பார்த்திருக்கிறேன். ஞானப்பூ நாகர்கோவில் போர்டிங் பள்ளியில் சேர்ந்து படிக்க, எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் நற்சாட்சிக் கடிதம் தரவேண்டும். கேட்கப் போனேன். மனுஷன் பேனாவை மூடி வைத்துவிட்டார். "கர்த்தருக்க முட்டையத் தின்னுத வீட்டுக்கு நான் நற்சாட்சி எழுதமாட்டேன், சாரே."

அனனியா பாடம்

அவர் சொன்னதை நானும் நம்பினேன். அந்த ஞாயிறு வேதத்திலிருந்து அனனியாவின் கதையை எடுத்தேன். நிலத்தை விற்று, காணிக்கையில் ஒரு பங்கை ஒளித்து வைத்து, பொய் சொல்லி, அந்த இடத்திலேயே செத்து விழுந்தவன். அவன் பெண்டாட்டியும் அப்படியே விழுந்தாள். கதை முழுவதையும் ஞானப்பூவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

மற்ற பிள்ளைகள் போன பிறகும் அவள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "சாரே, எங்க அம்மையும் அப்பிடி விழுந்து செத்துருவாளா?"

அடுப்படியில்

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். மறுநாள் எங்கள் வீட்டுக்குச் சபைப் போதகர் ஐயர் வருகிறார் என்று என் மனைவி ரூத்து ஒரு கோழியை அறுத்தாள். "இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். கோழியின் வயிற்றுக்குள் கடுகு போல, மிளகு போல, நெல்லிக்காய் போல வரிசையாக மஞ்சள் கருக்கள். கீழே குழாயில் ஒரு முட்டை, தோடு, அதாவது மேல் ஓடு, பிடிக்காமல், தொட்டால் அமுங்கியது. இத்தனை வயதுக்கு நான் முட்டையைத் தட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு முட்டை முழுசாக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. "ஒரு ராவும் பகலும் போதாது, கொஞ்சம் கூட வேணும். அதான் நாளுக்கு நாள் பிந்திப் பிந்தி, கடைசியில ஒருநாள் இடாம முடங்கும். கோழிக்கு ஞாயிறும் திங்களும் தெரியுமா?"

கரிக்கோடு

முத்தம்மையின் கோழி முடங்குகிற நாள் ஞாயிறாக இருந்தால்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே உபதேசியாரிடம் ஓடினேன். அவரையும் இழுத்துக்கொண்டு முத்தம்மை வீட்டுக்குப் போனேன். ஞானப்பூ கோழிக்கூட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவில்லையாம். கூட்டுக்கு மேலே மண்சுவரில் கரிக்கோடுகள். இத்தனை வாரமாக முட்டை விழும்போதெல்லாம் சுவரில் வெயில் நிற்கிற இடத்தில் பிள்ளை ஒரு கோடு போட்டிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. ஆறு கோட்டுக்குப் பிறகு ஒரு வெற்றிடம். வரிசை வரிசையாக அப்படியே.

உபதேசியார் விரல் வைத்து எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார்; வெற்றிடம் ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. பிறகு அங்கேயே மடியில் தாளை வைத்துக் கடிதம் எழுதினார். முத்தம்மை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் என்னை விடவில்லை. "கோழிக்க வயித்தப் பாத்துதான் எங்கள நம்புதியளா, சாரே? பிள்ளையள வச்சித்தானே அனனியா கதை சொன்னிய, இதையும் அவியளுக்க முன்னால சொல்லணும்."

அடுத்த ஞாயிறு

சொன்னேன். உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு சொன்னேன். முதலில் மஞ்சள் கரு, அதைச் சுற்றி வெள்ளை, அதற்கு மேல் மெல்லிய சவ்வு, கடைசியில் தோடு. தோடு பிடிக்கத்தான் அதிக நேரம். மனுஷக் கண் படாத இருட்டில், ஒன்றையும் மறக்காமல், ஆண்டவர் பொறுமையாகச் செய்கிறார். அந்தப் பொறுமையில் கொஞ்சம் எனக்கு இருந்திருந்தால் முத்தம்மையைக் கள்ளி என்று நினைத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னேன். பிள்ளைகள் முன்னால் அழுத முதல் நாள் அதுதான்.

ஞானப்பூ எழுந்து நின்றாள். அடுத்த வாரம் போர்டிங்குக்குப் போகிற பிள்ளை. கேலி ஒன்றும் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "அப்ப அனனியாவுக்க வீட்டுக்கும் ஆராவது ஒருக்கா போய்ப் பாத்தாவளா, சாரே?"

அதற்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஓய்வுநாளைப் பற்றி ஓயாமல் பிரசங்கம் கேட்ட எங்கள் சபையில் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஒழுங்காக ஓய்ந்திருந்தது அந்த ஒரு கோழிதான்.