சித்தேரி மலை: ஜெபவீட்டைப் பூட்டிவிட்டு வரப் போனேன்

இந்தப் பக்கத்தில் நான் எழுதி ஐந்து மாதமாகிறது. ஒகேனக்கல் மீன் சாப்பாடு, தீர்த்தமலைப் படிக்கட்டு என்று எழுதிக்கொண்டிருந்தவள் எங்கே போனாள் என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். புரட்டாசியில் என் கணவர் சாமுவேல் இறந்துபோனார். மலையிலேயே நெஞ்சுவலி வந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம், பாதி வளைவு தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவர் சித்தேரி மலைமேல் ஒரு சின்ன ஊரில் கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரராக இருந்தார். ஒன்பது வருஷ ஊழியத்துக்கு மிஞ்சியது மூன்று குடும்பமும், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடும். மூன்று குடும்பத்துக்காக இன்னொரு ஆளை அனுப்ப முடியாது, ஜெபவீட்டை ஒரேயடியாகப் பூட்டி, சாமான்களை எடுத்துக்கொண்டு, சாவியைத் திங்கட்கிழமை கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று சபை ஆபீஸிலிருந்து தை மாதம் போன் வந்தது. நான் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கும் அந்த மலையைத் தலைமுழுகினால் போதும் என்றுதான் இருந்தது.

இப்போது இண்டூரில் தம்பி வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு டவுன் பஸ், தருமபுரிக்குப் பதினைந்து கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தருமபுரியிலிருந்து அரூர் நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அரூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவர்கள் வெளியே இருக்கும் தள்ளுவண்டியில் குடியுங்கள், உள்ளே கடையில் கொடுப்பது கழனித்தண்ணீர்.

மலைப் பஸ் ஏழரைக்கு. அதிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, அய்யா போனதுக்கப்புறம் இந்தப் பக்கமே காணோம்? வண்டிய விட்டு இறங்குறப்ப கை காட்டிட்டுப் போவாரு, நல்ல மனுசன். மறுபடி மேலயே வந்துட்டீங்களா?"

"இல்லீங்க. பூட்டிட்டுப் போக வந்தேன்."

அவர் ஜன்னலோர சீட்டில் இருந்த மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார்.

வளைவுகளைப் பற்றி எழுத வேண்டும். குமட்டல் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பள்ளத்தாக்கு, பனிக்காலத்தில் ரொம்ப அழகு என்பார்கள். அன்று நான் பார்க்கவில்லை. அவர் உயிர் போன வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை இங்கே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஊழியக்காரர் மனைவி என்றால் அவளுக்கும் ஆண்டவரின் அழைப்பு உண்டு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவரை மலைக்கு அனுப்பிய ஆராதனையில், அழைப்பு உண்டா என்று அவரிடம் கேட்டார்கள், உண்டு என்றார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நில்லம்மா என்றார்கள், நின்றேன். அவரைக் கூப்பிட்டது ஆண்டவர். என்னைக் கூப்பிட்டது அவர். இப்போது அவரும் இல்லை, ஆண்டவர் வாயைத் திறக்கிற வழியையும் காணோம். ஐந்து மாதமாக நான் ஜெபம் செய்யவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் தம்பி மகள் ஜெபிக்கும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பதேகாலுக்குப் பஸ் இறக்கிவிட்டது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. போன வருஷம் ஒரு கூட்டம் கேமராவோடு வந்து அந்தப் பெண்களைப் படம் பிடித்துப் போட்டதில் இன்னும் கோபமாக இருக்கிறார்கள்.

ஜெபவீட்டு வாசலில் மூன்று குடும்பமும் உட்கார்ந்திருந்தது. நான் வரப்போவதாக யாருக்கும் சொல்லவில்லை. கதவில், அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அன்று நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. பூட்டின கதவுக்கு முன்னால், புரட்டாசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படி வந்து உட்கார்ந்து, தெரிந்த இரண்டு பாட்டைப் பாடிவிட்டு எழுந்து போகிறார்களாம்.

பொன்னி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் முதன்முதலில் மலையேறியபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். ஆள் பாதியாகியிருந்தாள்.

"என்ன பொன்னி, இப்படி எளச்சுப் போயிட்ட?"

"ரேசன் அரிசிதாங்கம்மா. அதும் மாசக் கடைசியில பத்தறதில்ல."

"ஏன், இந்த வருசம் சாமை வெளையலையா?"

"வெளஞ்சுதுங்க. வூட்டுல மூட்டை கெடக்குது. இன்னும் வாயில வெக்கல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். மலையில் புதுச் சாமையைச் சாமிக்குப் படைக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள், அது இவர்களின் பழைய வழக்கம். என் கணவர் வந்து அதைக் கெடுக்கவில்லை. படையலுக்குப் பதிலாக, முதல் படி சாமையை ஜெபவீட்டு மேஜைமேல் வைத்து ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று பழக்கிவிட்டார். கார்த்திகையில் அறுத்த சாமைக்கு ஜெபம் பண்ண ஆளில்லை. அதனால் தை வரைக்கும் வீட்டில் தானியத்தை வைத்துக்கொண்டு அரைவயிறு கிடந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"உங்களுக்கெல்லாம் புத்தி இருக்குதா? புள்ளைங்கள வெச்சுக்கிட்டுப் பட்டினி கெடப்பாங்களா? நீங்களே ஜெபம் பண்ணிட்டுத் தின்னுருக்கலாமே!"

பொன்னியின் புருஷன் கோவிந்தன் மெதுவாகச் சொன்னான். "பண்ணலாம்னு அய்யாவே சொல்லியிருக்காருங்க. ஆனா மேசை உள்ள இருக்குது, கதவு பூட்டிக் கெடக்குது. சாவி உங்ககிட்ட."

"ஒரு போன் பண்றதுக்கென்ன?"

"அம்மாவே துக்கத்துல இருக்கீங்க. அதுல எங்க வவுத்துக் கதைய வேற சொல்லணுங்களா?" என்றாள் பொன்னி. "எலி தின்னுச்சுங்க. நாங்க தின்னல."

நான் பையிலிருந்து சாவியை எடுத்தேன். பூட்டு துருப்பிடித்து மக்கர் பண்ணியது, கோவிந்தன் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டான். உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி மேஜைமேல் இருந்தது. அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். மூன்று வீட்டிலிருந்தும் மூன்று படி சாமை வந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, நான் ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தார்கள்.

எனக்கு அழைப்பு இல்லையப்பா, என்னை விட்டுவிடுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தப் பசியை வைத்துக்கொண்டு எனக்கு அழைப்பு உண்டா இல்லையா என்று வழக்காட முடியுமா? சாமையின்மேல் கையை வைத்தேன்.

"ஆண்டவரே, இவங்க பசியா இருக்காங்க. சாப்பிடட்டும். ஆமென்."

பொன்னி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதான்."

"இதுவே நல்லாருக்குதுங்க. அய்யா பண்ணா அடுப்புல கஞ்சி ஆறிடும்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதாள். நானும் அழுதேன். ஐந்து மாதத்தில் மற்றவர்கள் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.

சபையில் எழுந்து சாட்சி சொல்கிறவர்கள் இந்த இடத்தில், பாரம் இறங்கியது, சமாதானம் வந்தது என்பார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஜெபம் தகரக் கூரையைத் தாண்டியிருக்கும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆனால் மத்தியானம் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். பிள்ளைகள் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டன. நானும் சாப்பிட்டேன்.

மூன்றரைக்குக் கீழே இறங்கும் பஸ். அதை விட்டால் அன்றைக்கு வேறு கிடையாது. சாமான் எதையும் நான் எடுக்கவில்லை. கதவைப் பூட்டி, சாவியைப் பொன்னி கையில் வைத்தேன். அவள் அதைத் தாலிக்கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கெழம எந்த பஸ்ஸுங்கம்மா?" என்றாள். வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை.

"காலை பஸ்ஸு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

இண்டூருக்கு வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. "சாவி எங்கக்கா? நாளைக்கு ஆபீஸுக்குப் போகணுமே" என்றான் தம்பி. கொடுத்துவிட்டேன் என்றேன். மறுநாள் ஆபீஸில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிறுதோறும் நானே போய்வருகிறேன் என்றேன். "உங்களுக்கு அழைப்பு உண்டாம்மா?" என்று அங்கேதான் முதன்முதலாக ஒருவர் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் சம்பளம் கிடையாது என்றார்கள். சரி என்றேன்.

சித்தேரி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசி தாண்டினால் வெயில் கடுமை, அதற்குள் போய்விடுங்கள். மேலே பணம் எடுக்க வழியில்லை, சில்லறை கொண்டுபோங்கள். போன் பெரும்பாலும் எடுக்காது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போகாதீர்கள், எலிப்பொறி வாங்கிப் போங்கள், அரூர் கடைத்தெருவில் கிடைக்கும்.

ஆண்டவர் பேசினாரா என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம். இதுவரைக்கும் இல்லை. ஏழரை பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், முன்னதாகவே போனால்தான் இடம் கிடைக்கும். ஜன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பாள். பழக்கதோஷத்தில் அவருக்கு இடம் பிடித்து வைப்பது. எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.