பாய் வெட்டிய ஊர்

வலது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று மருத்துவர் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. சர்க்கரை. இரண்டு விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. மாவீரனான நான் சனிக்கிழமை செய்த காரியம், ஆதி மனிதர்கள் வாழ்ந்த இடங்களைச் சுற்றிக்காட்டும் வேனில் இரண்டு சீட் போட்டது. போகிற கால் ஒருமுறை ஊர் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில், வீட்டில் இருந்தால் அவள் பதில் கேட்பாள்.

புனேயிலிருந்து இனாம்காவ் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பார்க்க ஒன்றுமில்லை. ஒரு மேடு, முள்செடி, எதிரே கரும்பு. தோண்டிய குழிகளை எப்போதோ மூடிவிட்டார்கள். கூட்டி வந்தவர் ஓய்வுபெற்ற மராத்தி வாத்தியார். பிளாஸ்டிக் உறை போட்ட படங்களைக் கைமாற்றியபடியே பேசினார். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே செத்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்களாம். குழந்தை என்றால் இரண்டு பானைகளை வாயோடு வாய் சேர்த்து, உள்ளே.

அப்புறம், "பாய் காபூன் புராய்ச்சே" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்பது வருடத்தில் காய்கறி வண்டிக்காரர் கற்றுக்கொடுத்ததுதான் என் மராத்தி. காபூன் என்றால் வெட்டி. பூசணியை வெட்டுகிற அதே வெட்டு. புராய்ச்சே, புதைப்பார்கள். பாய் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பாயை எதுக்கு வெட்டறாங்க? பொணம் அத்தனை குட்டையா?"

புனேயிலேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்த மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆமா, பாய்தான். அரே, சும்மா வாங்க."

என் மராத்தியில் ஒரு பிழையைக்கூட விட்டுவைக்காதவள் அவள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நானோ பக்கத்தில் நின்ற தம்பதியிடமும் அந்த நகைச்சுவையை இந்தியில் அவிழ்த்துவிட்டேன். அவர்கள் சிரிக்காமல் என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்கள்.

படம் என் கைக்கு வந்தது. மல்லாந்த எலும்புக்கூடு. விலா இருந்தது, கைவிரல்கூட இருந்தது. கால் எலும்புகள் நேராக வந்து, கணுக்காலுக்கு முன்பே நின்றுவிட்டன. மராத்தியில் பாய் என்றால் கால்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாத்தியாரின் தோள்பையில் ரம்பம் ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று நிஜமாகவே பார்த்தேன். அவர் குனிந்து, இந்தியில் பொறுமையாக விளக்கினார். செத்தவர்கள் வீட்டை விட்டு எழுந்து போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருப்பார்கள் போல.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவங்க செத்தவங்களைப் பிடிச்சு வச்சிருக்காங்க. எனக்கு நீங்க உசுரோட வேணும், பாதம் இல்லாட்டி பரவால்ல. இங்கேருந்தே ஃபோன் பண்ணுங்க."

பண்ணினேன். மருத்துவமனையில் எடுத்த பெண் பெயரும் வயதும் எழுதிக்கொண்டு, எந்தக் கால் என்று இந்தியில் கேட்டாள். இரண்டும் எதிரிலேயே நீட்டிக் கிடந்தன, ஒன்று தலையணை அளவுக்கு வீங்கி.

இடது என்றேன்.

மனைவி ஃபோனைப் பிடுங்கி, வலது, வலது என்று இரண்டு தரம் சொல்லி, அந்தப் பெண்ணையும் ஒரு தரம் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் வைத்தாள்.