வண்டிக்காரர் ஷாவோ வீட்டுக் குளிர்முனை

பள்ளிக்கூடத்துக்கு நான் இரண்டே குளிர்காலம் போனவன். ஆனால் நான் கட்டிய காங்கு, அதாவது படுக்கிற சூட்டு மேடை, புகைந்தது என்று இந்த ஆற்றங்கரையில் ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம். எழுத்து எனக்கு அடங்கவில்லை, புகை அடங்கியது. சமையல் அடுப்பின் புகையை மண்மேடையின் வயிற்றுக்குள் வளைத்து வளைத்து ஓட்டுவதுதான் என் வேலை. அந்த மேடைமேல்தான் பகலில் குட்டி மேசை போட்டுச் சாப்பாடு, தையல், அரட்டை. இரவில் மேசை இறங்கும், மெத்தை விரியும்.

ஷாவோ தெஹாய் குதிரை வண்டியில் முப்பது வருஷம் மரம் ஏற்றியவர். மனிதரிடம் பேசியதைவிடக் குதிரையிடம் பேசியது அதிகம். அடுப்பையொட்டிய சூட்டுமுனை வீட்டுப் பெரியவருக்கு என்பது வழக்கம். அவர் மனைவி லான்யிங் மறுமுனையில், பனி பூத்த சுவரோரம் படுப்பார். இடம் மாறிக்கொள் என்று ஷாவோ சொன்னால், ஊர் சிரிக்கும் என்பார் லான்யிங். குளிரில் அவர் விரல்கள் கோணிப்போய், ஊசிகூடப் பிடிக்க முடியவில்லை. மூன்று கொத்தனார்கள் பிரித்துக் கட்டியும் அந்த முனை சூடேறவில்லை. நாலாவதாக என்னைக் கூப்பிட்டார் ஷாவோ.

"தம்பி, நீயும் ஏமாத்திராத. இன்னொரு குளிர இவ தாங்க மாட்டா."

"அண்ணே, அவங்க கட்டுனது அடுப்பு. நான் கட்டப்போறதுதான் காங்கு."

சூட்டுமுனையில் மண்ணைத் தடிமனாகவும் குளிர்முனையில் மெலிசாகவும் பூசினேன். இரண்டு நாள் உறக்கமில்லாமல் தீயைக் காத்தேன். மூன்றாம் நாள் நண்பகல் பாயை விரித்தேன். மண் இன்னும் வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலில் பனி சத்தமில்லாமல் இறங்கியது. சூடு பார்க்க, முதலில் சூட்டுமுனையில் கன்னத்தைப் பாயில் வைத்தேன். அவ்வளவுதான். ஒரு குதிரை வண்டி மேகத்தின்மேல் போனது; குளம்புச் சத்தமே இல்லை.

"அடப் பாவி! பெரியவரு இடத்துல காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கிறியே!"

லான்யிங், கையில் கொழுக்கட்டைத் தட்டோடு நின்றார். பதறி எழுந்து உட்கார்ந்தேன். ஷாவோ எங்கே? தன் இடத்தில் நான் கிடந்ததால், வாழ்நாளில் முதல்முறையாகக் குளிர்முனையில் முடங்கி, வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய் மனுசா, அது என் இடம். எந்திரி."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "போடி. இம்புட்டுச் சூட்டையும் இத்தன நாளா நீயே ஒளிச்சு வச்சிருந்தியா?"

லான்யிங் கோணல் விரல்களைப் பாயில் பதித்தார். பகலில் முதுகைச் சாய்த்தே பழக்கமில்லாதவர் தட்டை என் மடியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் நகரு" என்று கணவரிடம் சொன்னார்.

கொழுக்கட்டை முழுவதையும் நானே தின்றேன். வேலைக்குத் தகுந்த கூலி. பாயின்மேல் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து விரிந்தன. இருவர் மூச்சும் ஒன்றாகிவிட்டிருந்தது. மெல்ல இறங்கிப் போய், அடுப்பில் இன்னும் இரண்டு கட்டுச் சோளத்தட்டை வைத்தேன்.