கருடன் என்று நான் சொன்ன பருந்து

சாலையோர மரத்தை வெட்டுமுன் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஆட்சேபம் கேட்க வேண்டும். கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். வருவாய்த் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் நான், விதி தெரியும். சரியாக அண்ணாந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது பத்து வயதிலேயே தெரியும்.

மண்ணூரில் எங்கள் வீட்டு ஓட்டிலிருந்து விழுந்த அணில்குஞ்சைத் தங்கை சாந்தி இங்க் ஃபில்லரில் பால் புகட்டி வளர்த்தாள். அணிலுக்கு ரகசியம் தெரியாது. பூனையைக் கண்டால் வாலை உதறி ஊருக்கே கத்திச் சொல்லும். பருந்து சிறகை அசைக்காமல், சத்தமில்லாமல், வட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அணில் முதுகில் ராமர் போட்ட கோடு. பருந்தின் உறவுக்காரனான கருடன்மேல் பெருமாளே சவாரி. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் மரியாதை உண்டு.

வெள்ளைத் தலை என்றால் கருடன். முழுக்கப் பழுப்பு, பிளந்த வால் என்றால் பருந்து. பள்ளியில் படித்ததுதான். ஒரு சனிக்கிழமை, தலைக்குமேல் வட்டமிட்டதை வெயிலில் கண்கூசப் பார்த்துவிட்டு, "கருடன்டி, கன்னத்துல போட்டுக்கோ!" என்றேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும். சாந்தி அணிலைக் கீழே விட்டாள். அது கத்தியது. நாங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். திறந்தபோது அணில் இல்லை, பிளந்த வால் ஒன்று மேலேறிக்கொண்டிருந்தது.

சரிபார்க்காமல் நான் கொடுத்த முதல் சான்று அது. "சாமி எடுத்துக்கினு போச்சி, வுடுங்கடி" என்றாள் அம்மா.

அந்த வீடு இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலை பஸ்கள் திரும்புகின்றன. எதிரே ஒரு புளியமரம் மிஞ்சியிருந்தது. பொந்தில் அணில், உச்சியில் பருந்துக் கூடு. மாசியில் சாலையை அகலப்படுத்த, வெட்டவேண்டிய மரம் என்று அதற்கு எண் போட்டார்கள். சாந்தி ஓடி வந்தாள்.

"அக்கா, குஞ்சு இன்னும் பறக்கல. ஒரு மாசம் வுடச் சொல்லி எழுதுக்கா."

"பருந்துக்கா? நீயா சொல்ற?"

"அதுக்கு இன்னா தெரியும்? பசிச்சுது, எடுத்துக்கினு போச்சி. பாக்காம சொன்னது நீதான?"

எழுதினேன், ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சல், மேலதிகாரிக்கு நகல். ஒன்பதாம் நாள் மரம் விழுந்தது. கூடு கிளையோடு நசுங்கிக் கிடந்தது. அன்று அணில்கள் கப்சிப். பருந்துதான் மாலைவரை கத்தியது.

"மனுவில் கண்ட இடம் நேரில் பார்வையிடப்பட்டது. கூடு ஏதும் காணப்படவில்லை" என்றது பதில். சாந்திக்குப் படித்துக் காட்டினேன்.

"மேல பாத்தாங்களாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் வந்த நாள், மரம் விழுந்த ஐந்தாம் மாதம், ஆடிப்பெருக்கு.