ஒரு பெனியனைக் கழுவிய குற்றம்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், ஓர் ஐஸ் ஹொக்கி அணியின் அழுக்குத் துணிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பெரிய லீக்குக்கு ஆள் அனுப்பும் சின்ன லீக் அணி. ஊரில் என் சொந்த உள்ளாடையைக்கூடத் தோய்த்தவனில்லை நான். இங்கே ஓர் அணி முழுவதின் உள்ளாடைகளையும் தோய்த்தேன். மனைவிக்கு எழுதும்போது மட்டும் ‘விளையாட்டுத் துறையில் இருக்கிறேன்’ என்று எழுதினேன்.

அவள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். அவளை ஸ்பொன்சர் செய்ய எனக்கு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. இவர் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று நாலு வரி, அவ்வளவுதான். எங்கள் மனேஜர் அந்த நாலு வரியை ‘அடுத்த கிழமை’ என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் ஓட்டிவிட்டார்.

அணியில் இடது பக்க ஃபோவேர்ட் ஒருவன். முன்பல் இரண்டு கிடையாது. முப்பதை நெருங்கிவிட்டான், அந்த லீக்கில் அது கிழட்டு வயது. பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வரும் என்று எட்டு வருடமாகக் காத்திருந்தவன். அந்தப் பனிக்காலம் திடீரென்று ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் அடிக்கத் தொடங்கினான். காரணம், முதல் கோல் அடித்த அன்று போட்டிருந்த சாம்பல் பெனியனை அவன் அதன் பிறகு தோய்க்கக் கொடுக்கவே இல்லை. அணி முழுவதும் அப்படித்தான் நம்பியது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அது தனிக் கொளுக்கியில் தொங்கக் கண்டேன். கருவாட்டு மூட்டைக்குள் கிடாய் செத்துக் கிடந்ததுபோல ஒரு மணம். யாரோ மறந்துபோய் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஊறவைத்து, இரண்டு தரம் தோய்த்து, பூ வாசத் திரவமும் விட்டு, மடித்து வைத்தேன். நன்றி சொல்வார்கள் என்று வேறு எதிர்பார்த்தேன்.

அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாவுச் செய்தி கேட்டவன்போல நின்றான். அன்று கோல் இல்லை. அடுத்த ஆட்டத்திலும் இல்லை. அதற்கடுத்த இரண்டிலும் இல்லை. மனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது.

“உன்ர கடிதம் இருக்கட்டும். முதல் அவன் ஒரு கோல் அடிக்கட்டும்.”

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சாண்ட்விச்சைக் கடித்தார்.

ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூடப் பிந்தி வராதவன் நான். ஊரில் என் மனைவி போவதையும் வருவதையும் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் தீர்மானித்தான். அவனிடமாவது துவக்கு இருந்தது. இங்கே தீர்மானித்தது ஒரு பல்லில்லாதவனின் பெனியன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் ஓர் அண்ணையோடு அறையைப் பங்குபோட்டிருந்தேன். அவர் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. சமைத்துக்கொண்டிருந்தவரிடம் கத்தினேன்.

“படிச்ச நாடெண்டு வந்தால், அண்ணை, ஊத்தைப் பெனியனைக் கும்பிடுறாங்கள்.”

“அலுமாரியைத் திறவும்.”

“ஏன்?”

“திறவும் எண்டுறன்.”

உள்ளே கறுப்புக் கோட் தொங்கியது. அகதி வழக்கு விசாரணைக்கு அதைப் போட்டுக்கொண்டு போன முதலாள் வென்றார். பிறகு நாங்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக அதையே போட்டுப் போனோம். ஐந்து பேரும் வென்றோம்.

“உதை ஆராவது கழுவினவையோ?”

“அது வேற, அண்ணை.”

“என்ன வேற?”

“அது கோட்.”

“போன மாசம் நான் கிளீனிங்குக்குக் குடுக்க வெளிக்கிட, கதவை மறிச்சுக்கொண்டு நிண்டது ஆர்?”

நான்தான். அதன் பிறகு கோபம் இரட்டிப்பானது. திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும், அவன் மூலையில் எறிந்துவிட்டிருந்த அந்தப் பெனியனை எடுத்து என் சீருடைக்குள் போட்டுக்கொண்டேன். என்னைப்போல் இரண்டு பேர் அதற்குள் குடித்தனம் நடத்தலாம். நாலு நாள் அதோடு கூடைகள் தூக்கினேன், நிலம் துடைத்தேன், துணி உலர்த்தும் அறையின் வெக்கையில் வெந்தேன். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் வழக்கம்போலப் பழுது; பதினாறு மாடியும் ஏறினேன். வியர்வையோடு வசவும் கொட்டியது. ஐந்தாம் நாள் அதைப் பழைய கொளுக்கியில் மாட்டினேன்.

அவன் முகர்ந்தான். கண்ணை மூடினான். “திரும்பி வந்திட்டுது” என்றான். மடையா, அது என் வியர்வை, அதில் நேற்றைய மீன்குழம்பும் இருக்கிறது என்று சொல்ல வாய் துடித்தது. கடிதத்தை நினைத்து மூடிக்கொண்டேன்.

அன்றைய ஆட்டத்தில் அவன் கோல் கூட்டுக்கு முன்னால் வழுக்கி, குப்புற விழுந்தான். வேறு யாரோ அடித்த றப்பர் வட்டு அவன் பின்பக்கத்தில் பட்டு உள்ளே போனது. ஹொக்கிச் சட்டப்படி அது அவனுடைய கோல். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அடுத்த நாள் காலை மனேஜர் நாலு வரியில் கையெழுத்துப் போட்டார். ஒன்பது மாத உழைப்பு வாங்கித் தராததை ஒரு பின்பக்கம் வாங்கித் தந்தது. அவர் மனம் மாற முன்னர் ஓடிப்போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன்.

அதன்பின் அவன் ஆட்டத்துக்கு ஆட்டம் அடித்தான். பெரிய லீக்கும் கூப்பிட்டது. பெனியனோடு போனான். ரி.வி.யில் பார்த்தேன், பெரும்பாலும் களத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தான். ஒரு கோலும் இல்லை. மாதம் ஒன்று முடியும் முன்னர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்ததும் பெனியனை என்னிடம் எறிந்தான்.

“அண்டைக்கு என்ன செய்தாயோ, அதையே செய்து தா.”

அது என் வியர்வை என்று தெரிந்தேதான் போட்டிருக்கிறான். என் மனைவிக்கு விசாவுக்கான மெடிக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்த கிழமை அது. இனி எனக்கு யாருடைய கோலும் தேவையில்லை. அவன் கண் முன்னாலேயே பெனியனை மெஷினுக்குள் எறிந்து, இரண்டு கோப்பை பவுடர் கொட்டி, பொத்தானை அழுத்தினேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். மெஷினுக்கு எதிரே வாங்கில் உட்கார்ந்தான். அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு, “இந்த வருசத்தோட என்ர ஒப்பந்தம் முடியுது” என்றான்.

என் கோபம் கரைந்தது என்று எழுத ஆசைதான். கரையவில்லை. அவன் எழுந்து போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன். பூ வாசத் திரவம் மட்டும் விடவில்லை.

மனைவி வந்த அன்று அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். கிட்ட வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

“உந்தக் கோட்டை ஒருக்காலும் கழுவுறேல்லையோ?”

“கழுவினால் தெரியும்” என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவளிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.