பாங்கோட்டு வெடிச்சத்தம்

1951 ஆவணி. காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். திருவனந்தபுரம் நாற்பது மைல். தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை என்று பஸ் நின்று நின்று போனது. எதிலும் எனக்குக் கண் பதியவில்லை. திருவனந்தபுரம் சர்வகலாசாலையில் பி.எஸ்ஸி. படிக்கும் என் தம்பி தாணு, பட்டாளத்தில் சேரப் பெயர் கொடுத்துவிட்டதாக ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள்.

காரணம் உண்டு. எங்கள் அண்ணனும் அங்கேதான் படித்தான். மகாராஜா காலத்தில் மாணவர்களுக்கென்று உழைப்புப் படை ஒன்று இருந்தது. பட்டாள முறையில் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, அணிவகுத்துப் போய் வேலை செய்வார்கள். யுத்தம் வந்ததும் அந்தப் பையன்களைத் தேடி ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் வந்தார்கள். அண்ணன் பர்மாவுக்குப் போனான், திரும்பவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த மாணவர் படையில் கையில் நிஜத் துப்பாக்கியே கொடுக்கிறார்கள். தாணு அதில் இருந்தான்; அப்போது பாங்கோட்டுப் பட்டாள முகாமில் அவர்களுக்குப் பயிற்சி.

ஒன்பதரைக்குக் கிழக்கேகோட்டையில் இறங்கினேன். பாங்கோட்டுப் பட்டாள முகாமுக்குக் குதிரைவண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் ஏறினேன். முகாமை நெருங்கும்போது படபடவென்று வெடிச்சத்தம். வண்டிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பேடிக்க வேண்டாம் அம்மா. காலேஜ் பிள்ளேரு துப்பாக்கி வெடி வச்சுப் படிக்குதாங்க," என்றார் அவர்.

வாசல் காவல்காரரிடம் தாணுவின் பெயரைச் சொன்னேன். அவர் உள்ளே ஆள் அனுப்பினார். தாணு காக்கி உடுப்பில் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"எதுக்குக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

"வீட்டுக்கு வாடே. இன்னொரு பிள்ளையைக் குடுக்க அம்மைக்குத் தெம்பில்ல."

அவன் தரையைப் பார்த்தான். "ஒண்ணும் குடுக்காண்டாம். நேத்து டாக்டர் பாத்தாரு. வலது கண்ணுல பார்வை போராதாம். பட்டாளத்துக்கு ஆகாதுன்னு தள்ளிட்டாங்க."

"பத்மநாபா, காப்பாத்திட்டியே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்து வழிந்தது. அண்ணன் செத்த செய்தி வந்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

"அண்ணன் எடத்துல நிக்கணும்னு நெனச்சேன். நீ சந்தோஷப்படுதே."

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாடே, சந்தோஷந்தான்," என்றேன். தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டான். மைதானத்தில் விசில் ஊதினார்கள். திரும்பிப் பாராமல் ஓடிவிட்டான்.

பிற்பகல் பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ஊரில் யார் புறப்பட்டாலும் ஒருவராவது கூட வந்து, "போயிட்டு வா" என்பார். தாணு அதைச் சொல்லவில்லை. தம்பி பிழைத்துவிட்டான் என்ற செய்தியோடு, அவனை இழந்துவிட்டேனோ என்று பயந்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.